கம்பீரம் முறுக்கிய பிரேக்

அந்தச் சின்ன அறையை எப்பாடுபட்டாவது பிடித்தே தீருவது என்று கம்பீரம் கங்கணம் கட்டிக்கொண்டார்.

வானொலியில் காலை நிகழ்ச்சி அறிவிப்பாளர் அவர். ‘வணக்கம்’ என்று சொன்னால் படுத்திருப்பவன் எழுந்து உட்காருவான், அப்படியொரு குரல். தெருவே அவரைக் கம்பீரம் என்றுதான் கூப்பிடும். அந்தக் குரல் எடுபடாத ஒரே இடம் அவருடைய வீடு. மனைவி பல் டாக்டர். நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்கச் சொல்பவர், வீட்டுக்கு வந்தால் கணவர் வாயை மட்டும் மூடச் சொல்வார்.

வீட்டில் காலியாக இருந்தது அந்த ஓர் அறைதான். கம்பீரத்துக்கு அதில் ஒலிப்பதிவு செய்ய ஆசை. டாக்டரம்மாவுக்கு நிம்மதியாகச் சாய்ந்து புத்தகம் படிக்க ஆசை. பேசிப் பேசி இருவருக்கும் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை. மலை மேல இருக்கற தண்ணித் தொட்டி வரைக்கும் சைக்கிள்ல போவோம். யார் முதல்ல தொடறாங்களோ அவங்களுக்கு ரூம்,” என்றார் டாக்டரம்மா.

“தோத்தா அழக்கூடாது, ஆமா,” என்றார் கம்பீரம்.

சொல்லிவிட்டாரே தவிர ஜெயிக்கும் நம்பிக்கை இல்லை. ஒரே மாதிரி ரெண்டு மலைச் சைக்கிள் வாங்கிய நாளிலிருந்து, மேட்டில் அவர் பார்த்ததெல்லாம் மனைவியின் முதுகைத்தான்.

மத்தியானம் சாப்பிட்டதும் டாக்டரம்மா படுத்துவிட்டார். கம்பீரம் பூனைபோலக் கொல்லைப்புறக் கொட்டகைக்குள் நுழைந்தார். சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று அங்கிருந்த ரேடியோவை அலறவிட்டார். நேயர்களிடம் தினமும் ‘ஒரு சின்ன பிரேக்’ என்று சொல்கிறவருக்கு பிரேக்கைப் பற்றி அதற்கு மேல் தெரியாது. ஆனாலும் கைப்பிடியில், கேபிள் நுழைகிற இடத்தில், ஒரு குட்டித் திருகு இருப்பதைக் கண்டுபிடித்தார். அதை வெளிப்பக்கமாகத் திருகினால் கேபிள் இறுகுகிறது. சக்கரத்தின் நடுவிலுள்ள இரும்புத் தட்டைப் பிரேக் கட்டை லேசாகக் கவ்விப் பிடிக்கிறது. மனைவியின் சைக்கிளில் முன்னும் பின்னும் திருகினார். சக்கரத்தைச் சுற்றிவிட்டார். ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுத்து நின்றது. அன்று சாயங்காலம் முழுக்க அவர் முகத்தில் ஒரு தேஜஸ்.

காலையில் வாசலில் நின்றபோது டாக்டரம்மா கையை நீட்டினார்.

“உங்க சைக்கிளக் குடுங்க.”

“எதுக்கு?”

“என்னோடது ஏதோ இழுக்குது. பெண்பிள்ளை, என்னால மிதிக்க முடியாது. ‘எனக்கு இரும்புத் தொடை’ன்னு நேத்து மாடி வீட்டு அக்காகிட்ட சொன்னீங்களே?”

மாடியிலிருந்து அந்த அக்கா எட்டிப் பார்த்து, “ஆமா, சொன்னாரு!” என்றார்.

இரும்புத் தொடை வேறு வழியில்லாமல் ஏறி உட்கார்ந்தது.

முதல் மேட்டிலேயே கம்பீரத்துக்கு நாக்குத் தள்ளியது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது மாதிரி இருந்தது. சரிசெய்தால் குட்டு வெளிப்படும். செய்யாவிட்டால் உயிர் வெளியேறும். ஒரு வளைவில் இறங்கிக் குனிந்தார்.

மேலேயிருந்து குரல் வந்தது. “என்னங்க, என்ன பண்றீங்க?”

“இயற்கையை ரசிக்கிறேன்!”

“குனிஞ்சா?”

“புல்லு ரொம்ப அழகா இருக்கும்மா!”

அவசரத்தில் ரெண்டு திருகையும் உள்ளே போகிற மட்டும் திருகித் தள்ளினார். சக்கரம் வெண்ணெயாகச் சுழன்றது. அதற்குள் டாக்டரம்மா தொட்டியைத் தொட்டு, தண்ணீர் குடித்து, வியர்வையையும் துடைத்துவிட்டிருந்தார்.

ஒருவழியாகக் கம்பீரமும் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தார். தோற்றது போகட்டும், இனி இறங்க வேண்டுமே. பிரேக்கைப் பிடித்தால் பிடி கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. சக்கரம் தன் பாட்டுக்குச் சுற்றியது. கம்பீரத்துக்கு முகம் வெளிறிவிட்டது.

“தள்ளுங்க,” என்று டாக்டரம்மா பாக்கெட்டிலிருந்து போல்ட் திருகும் சாவியை எடுத்து மண்டியிட்டார். பிரேக்கைச் சைக்கிள் சட்டத்தோடு பிடித்திருக்கும் ரெண்டு போல்ட்டையும் தளர்த்தினார். குட்டித் திருகை அளவாக வைத்தார். “பிரேக்கை அமுக்கிப் பிடிங்க. விடாதீங்க.” அவர் பிடித்திருக்க, போல்ட்டை மாற்றி மாற்றி இறுக்கினார். பின் சக்கரத்துக்கும் அதே வைத்தியம். சுற்றிவிட்டபோது உரசல் இல்லை. பிடித்தபோது டக்கென்று நின்றது.

“சாவியோடவே வந்தியா?” கம்பீரத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“பல்லு பிடுங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு முழி முழிப்பாங்க. நேத்து சாயங்காலத்துலேருந்து உங்களுக்கு அதே முழி.”

கம்பீரம் சிரித்துவிட்டார். அவரும் சிரித்தார். இறக்கத்தில் ரெண்டு சைக்கிளும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. காற்று முகத்தில் அடித்தது. அறை போனால் போகிறது, மனுஷி இருக்கிறாளே என்று நினைத்தபோது மனசு நிறைந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தோற்றவருக்கே உரிய பெருந்தன்மையோடு, “வா, ரூமை உன் கையில ஒப்படைக்கறேன்,” என்று கதவைத் திறந்தார்.

ஜன்னலோரம், கிளினிக்கில் கழித்துப்போட்ட பல் வைத்திய நாற்காலி, சாய்ந்து கால் நீட்டிப் படித்துக்கொள்ள வாகாக நின்றிருந்தது.

“இது எப்ப வந்துச்சு?”

“நேத்து மத்தியானம்,” என்றார் டாக்டரம்மா. “நீங்க கொட்டகையில என் பிரேக்கை முறுக்கிட்டிருந்தப்போ, ரெண்டு ஆளுங்க வந்து இதைத் தரையில போல்ட் போட்டு முறுக்கிட்டுப் போனாங்க.”