ஏழு பி-யின் நாற்பத்தொரு முகங்கள்

"பேரு நாப்பத்தொண்ணு கீது. மூஞ்சி இருவத்திமூணுதான் கீது. மீதி எங்க டீச்சர்?"

அலி அக்பர் கேட்டது அவ்வளவுதான். ஏழு பி-யின் டீச்சர் கார்குழலி எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

தண்டையார்பேட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர் அலி அக்பர். வகுப்புக்கு ஒரு வெப் பேஜ் செய்ய டீச்சர்களுக்கு உதவும்படி, தலைமையாசிரியர் லூயிஸ் அவரைப் பிடித்து வந்திருந்தார். வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வந்து திறந்து வைக்கிறார். டீச்சர் பெயர், பிள்ளைகளின் போட்டோ, வருகை சதவீதம். சின்ன வேலைதான்.

திரையில் இருபத்துமூன்று பிள்ளைகள் சிரித்தார்கள். மீதிப் பதினெட்டுப் பெயர்களுக்கு மேல் வெறும் கட்டம், அதற்குள் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. கம்ப்யூட்டருக்கு வெட்கம் மானம் கிடையாது.

அந்தப் பதினெட்டுப் பேரும் ரெஜிஸ்டரில் மட்டும் படிப்பவர்கள். எப்போதோ நின்றுவிட்டார்கள். கார்குழலிதான் தினமும் காலையில் அவர்களுக்கு ஆஜர் போட்டு வந்தாள். நாற்பது தலை இருந்தால்தான் பி பிரிவு. பி பிரிவு இல்லையென்றால் அவளுக்கு வேலை இல்லை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஐந்து பேர் சாப்பிடுவது அந்த வேலையில்தான். மனசாட்சி முதல் வாரம் உறுத்தியது, பிறகு அதற்கும் பழகிவிட்டது.

"அந்தக் கட்டத்தை எடுத்துடுங்க பாய்."

"கட்டத்த எட்த்தா பேரும் பூடும். அப்பால இருவத்திமூணுதான்."

லூயிஸ் சாரிடம் ஓடினாள். அவர் பதறவில்லை.

"இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு என்னம்மா பண்ணுவோம்? ஆறாம் கிளாஸ்லேர்ந்து பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து உட்கார வைப்போம்ல? அதையே பண்ணு. இதுல என்ன புதுசு?"

ஆறு ஏ-யிலிருந்து பதினெட்டுப் பேர் வந்தார்கள். சுவரோரம் நிற்கவைத்துப் படம் எடுத்து, ஆளுக்கொரு பெயர் வைத்தாள். ஒருவன் அழுதான்.

"எம்பேரு அது இல்ல மிஸ்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் அதுதான் உன் பேரு."

மறுநாள் அலி அக்பர் தலையைச் சொறிந்தார்.

"ஒரு பேஜாரு டீச்சர். பக்கத்துலயே ஆறு ஏ பேஜு கீது. அத்தத் தொறந்தா இதே பசங்க வேற பேர்ல கீறானுங்க. இன்ஸ்பெக்‌ஷன்ல ஆபீசர் அடுத்த கிளாசுக்கு நவுந்தா பசங்களும் கூடவே நவுருவானுங்க. இதுல இன்னா பண்றது?"

திரும்பவும் படம் எடுத்தார்கள். வகிட்டை மாற்றி வாரினாள். சிலுவை போட்டிருந்தவனுக்கு விபூதி பூசினாள். இரண்டு பேருக்கு வாட்ச்மேனின் கண்ணாடியை மாட்டிவிட்டாள். அவர்கள் அதே பிள்ளைகளாகத்தான் தெரிந்தார்கள், கூடவே திருடர்களாகவும் தெரிந்தார்கள்.

அதற்குள் மற்ற டீச்சர்களும் இதே வழியில் இறங்கியிருந்தார்கள். மளிகைக்கடை வீட்டுப் பையன் தங்கப்பாண்டி ஒருநாள் தவறாமல் பள்ளிக்கு வருபவன், எந்நேரமும் கைக்கு எட்டுகிற இடத்தில் நிற்பவன்.

"இவன் நாலு கிளாசுல படிக்கிறான் சார்," என்றார் அலி அக்பர். "நாலுலயும் நூறு பர்சென்ட்."

லூயிஸ் சார் முதல்முறையாகத் தண்ணீர் கேட்டார்.

வியாழக்கிழமை மதியம் அவர் அறைச் சுவரில் கார்குழலியின் கண்ணில் அது பட்டது. இதே பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் எடுத்துக்கொண்ட குரூப் போட்டோ. அந்தப் பதினெட்டுப் பேரும் அதில் இருந்தார்கள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பெயரும் நிஜம், முகமும் நிஜம், யாரையும் ஏமாற்றவேண்டியதில்லை!

அலி அக்பர் ஸ்கேன் செய்து ஒவ்வொரு முகமாக வெட்டினார்.

"இவனுங்கல்லாம் இப்ப எங்க கீறானுங்க டீச்சர்?"

"எங்கேயாவது வேலைக்குப் போயிருப்பாங்க. நீங்க வெட்டுங்க பாய்."

அவர் வெட்டினார். சதவீதத்தை அவள் ரெஜிஸ்டரைப் பார்த்துச் சொன்னாள். தினமும் வருகிற பிள்ளைகளுக்கு மழை, காய்ச்சல், தண்ணி லாரி என்று போய் எழுபது, எழுபத்தைந்து. வராதவர்கள் எல்லோரும் தொண்ணூற்றைந்துக்கு மேல். அவர்களுக்குக் காய்ச்சல் வந்ததே இல்லை.

அதிகாரி வந்தார், பார்த்தார், பூரித்துப்போனார்.

"ஏழு பி-தான் மாடல் கிளாஸ். இதைக் கலர்ல பிரிண்ட் போட்டு கேட்டுல ஒட்டுங்க சார். அட்மிஷன் பிச்சுக்கும்."

கார்குழலி வேண்டாமென்று சொல்ல வாயெடுப்பதற்குள் லூயிஸ் சார் பசை வாங்கிவர ஆளனுப்பிவிட்டார். எப்படியோ வேலை தப்பியது. அன்று வீட்டுக்கு அரைக் கிலோ ஜிலேபி வாங்கிப் போனாள்.

திங்கட்கிழமை இரண்டாவது பீரியடில் வகுப்பு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் பேப்பரில் சுற்றிய பன். ஓடி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"யாரும்மா நீங்க?"

"சிலுவையம்மா, காசிமேடு. கேட்டாண்ட ஒட்டிகிற கம்பூட்டர் படத்துல எம்புள்ள கீறான் டீச்சர். எனக்குப் பட்க்கத் தெரியாது. பக்கத்துல நின்ன பொண்ணுதான் பட்ச்சி சொல்லிச்சி. நூறு நாள்ல தொண்ணூத்தாறு நாளு வந்துகிறானாமே?"

கார்குழலி சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"அவன் வூட்ட வுட்டுப் போயி பதினாலு மாசம் ஆவுது. அப்பவே இங்க வந்து கேட்டேன், வரலன்னு வாச்மேன் அனுப்சிட்டான். எண்ணூர் வரிக்கும் தேடினேன். ஆஸ்பத்திரில இட்டுக்கினு போயி பொணத்தக்கூடக் காட்னாங்க, அது வேற புள்ள. இவன் தெனம் இங்க வந்துகினு கீறான்னு யாருக்குத் தெரியும்?"

சொல்ல வேண்டும். வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். கார்குழலி ரெஜிஸ்டரை மேஜை டிராயருக்குள் தள்ளினாள். இருபத்துமூன்று பிள்ளைகளும் திரும்பி அந்த அம்மாவைப் பார்த்தார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போய், கடைசி பெஞ்சில் வந்து நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னப் பாத்துட்டு பெஞ்சிக்குக் கீய ஒளிஞ்சிகினானா டீச்சர்? அம்மா அடிக்க மாட்டாளாம்னு சொல்லுங்க, எயுந்து வரச் சொல்லுங்க."