அருவி எங்கள் வீட்டில் இல்லை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவனும், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டரும், கடைத்தெரு வியாபாரிகள் சங்கத்தின் கௌரவச் செயலாளருமான நான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் சௌக்கியம். வாசல் கேட்டின் கொண்டி மட்டும் சௌக்கியமில்லை, காரணம் கீழே வருகிறது. அங்கே உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறைந்தே ஆகவேண்டும். அந்த முழங்காலுக்கு இங்கே ஒரு வேலை காத்திருக்கிறது.

போன முறை உங்கள் சாப்பாட்டு மேஜையில் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. கடைத்தெரு நிறுத்தத்தில் மாதம் முந்நூறு பேராவது இறங்காவிட்டால் வெளியூர் பஸ் இனி அங்கே நிற்காது என்று நீங்கள் வேலை பார்த்த பஸ் கம்பெனி நோட்டீஸ் அனுப்பியிருந்த நேரம். பஸ் நின்றால்தான் எங்களுக்குத் தெரு என்று ஒன்று உண்டு. லாட்ஜ்காரர் பத்து அறையில் எட்டை ஏற்கெனவே பூட்டியாயிற்று. ரொட்டிக்கடை அம்மா அடுப்பை விற்க ஆள் பார்த்துவிட்டார். இதையெல்லாம் நான் வயிறெரியச் சொல்லிக்கொண்டிருக்க, நீங்கள் பல்லைக் குத்திக்கொண்டே, "மாப்பிள்ளை, அந்த ஸ்டாப்புல ஒரு மாசத்துல முந்நூறு பேர் இறங்கட்டும், நானே அந்த பஸ்ல வந்து உங்க வீட்டுத் தரையைத் துடைச்சுத் தர்றேன்" என்றீர்கள். உங்கள் மனைவி சிரித்தார். உங்கள் தங்கையும் சிரித்தாள். எனக்கு உறைத்தது இரண்டாவது சிரிப்புதான்.

மச்சான், முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒரு கோடு வீதம் நோட்டில் என் கையாலேயே போட்டு வைத்திருக்கிறேன். வாளி வாங்கியாயிற்று.

நடந்தது இதுதான். சுற்றியுள்ள நான்கு ஊர்களுக்கும் சேர்த்து சுற்றுலா அலுவலகம் ஒரே மொபைல் செயலி கொண்டுவந்தது. கடைகளையும் பார்க்க வேண்டிய இடங்களையும் அதில் ஏற்றிவிட்டால் வருகிறவர்களுக்கு அவர்கள் போனே வழி சொல்லிவிடும். சங்கத்தின் சார்பில் பொறுப்பு என் தலையில் விழுந்தது, விழுந்தது என்ன, நானே தலையை நீட்டினேன். பதிவு செய்யும் முறையை விளக்க அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். ஒவ்வொரு கடைக்கும் நேரில் போய் நின்று பதிய வேண்டும் என்று அவள் சொன்னாளாம். அந்த நேரத்தில் நான் டோக்கன் வெட்டிக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு வருடம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தே ஊரை நடத்தியவன் கடை கடையாக ஏறி இறங்குவேனா? கடைத்தெருவுக்கு முக்கால் கிலோமீட்டர் முன்னால், பெரிய சாலை ஓரத்தில் இருக்கும் எங்கள் வீட்டு முன்னறையில் மேஜை போட்டு, டோக்கன் கொடுத்து, வரிசையில் நிற்கவைத்து, பதினேழு கடைகளையும் ஒரே காலையில் ஏற்றி முடித்தேன். அருவிக்கும் ஏரிக்கும் டோக்கன் வாங்க ஆளில்லாததால் நானே வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் 'தற்போது இருக்கும் இடம்' என்ற பொத்தானை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். தற்போது நான் என் நாற்காலியில்தான் இருந்தேன்.

முதல் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வெளியூர் பஸ் எங்கள் வாசலில் நின்றது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு பதினோரு பேர் "இங்கதான், இங்கதான்" என்று சத்தம் போட்டால் டிரைவர் என்ன செய்வார், நிறுத்தத்தானே செய்வார். ஒரு குடும்பம் குளிக்கும் துண்டோடு நேராகப் பின்கட்டுக்குப் போய் அருவி எங்கே என்று கேட்டது. உங்கள் தங்கை துணி அலசிக்கொண்டிருந்தாள், குழாயைக் காட்டினாள். பெரியவர் ஒருவர் என் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, கழுத்தைச் சுற்றி என் பேப்பரையே போர்த்திக்கொண்டு, மீசையைத் தொடக்கூடாது, மற்றது உங்கள் இஷ்டம் என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் அவரோடு மல்லுக்கு நின்ற நேரத்தில் ஒரு புதுமணத் தம்பதி பெட்டியோடு மாடி ஏறியிருக்கிறார்கள். கால் மணி கழித்து அந்தப் பெண் எட்டிப் பார்த்து, அறை நன்றாக இருக்கிறது, ஆனால் அலமாரியில் யாரோ துணி வைத்திருக்கிறார்கள் என்று என்னிடமே புகார் சொன்னாள். கேட்டுக் கொண்டி அன்றைக்கு முதல் பஸ்ஸிலேயே கழன்றது. உங்கள் தங்கை உங்கள் வீட்டுக்குக் கிளம்புவதாக அறிவித்து, பெட்டியைத் தேடினாள். தம்பதி அதன்மேல் தங்கள் பெட்டியை வைத்திருந்ததால் கிளம்ப முடியவில்லை.

அலுவலகத்துப் பெண்ணுக்குப் போன் செய்தேன். செயலியின் வரைபடத்தில் எல்லாக் கடையையும் என் வீட்டிலேயே குத்தி வைத்திருப்பதாகவும், திருத்த மனுப்போட்டால் முப்பது வேலைநாள் ஆகும் என்றும் சொன்னாள். முப்பத்தொரு வருடம் ஒரு விலாசம் தப்பாமல் கடிதம் சேர்த்தவன் நான். ஊரையே ஒரு விலாசத்தில் போட்டுவிட்டேன் என்று ஒரு சின்னப்பெண் சொல்லக் கேட்டபோது, உண்மையைச் சொல்கிறேன் மச்சான், மீதி டோக்கன்களை எடுத்து டிராயருக்குள் ஒளித்துவைத்தேன். ரொட்டிக்கடை அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றுதான் நினைத்தேன்.

பிறகுதான் புத்தியில் பட்டது. தப்பான இடத்துக்கு வந்த தபாலை என்ன செய்வோம்? பிரித்து அடுக்கிச் சரியான இடத்தில் சேர்ப்போம். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அது. முன்னறையில் மூன்று பெஞ்ச் போட்டேன். லாட்ஜுக்கு ஒன்று, கடைகளுக்கு ஒன்று, அருவிக்கும் ஏரிக்கும் ஒன்று. வந்தவர்களைப் பிரித்து உட்காரவைத்து, காலை பத்துக்கு ஒரு கட்டு, மாலை நாலுக்கு ஒரு கட்டு, நானே முன்னால் நடந்து கொண்டுபோய்ச் சேர்த்தேன். போகிற வழியில் ஒரு கடை விடாமல் அறிமுகம் செய்தேன், தப்பிக்க யாருக்கும் வழியில்லை. ஏரி பார்க்க வந்தவர் முடிவெட்டிக்கொண்டு போனார், முடிவெட்ட வந்தவர் ரொட்டியோடு போனார். செயலியில் எங்கள் ஊருக்குத்தான் நான்கு ஊரிலும் அதிக நட்சத்திரம். 'அந்தத் தாத்தா விடமாட்டார்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இப்போது லாட்ஜில் பத்து அறையும் திறந்திருக்கிறது. சலூன்காரர் இரண்டாவது நாற்காலி வாங்கிவிட்டார். ரொட்டிக்கடை அம்மா அடுப்பு வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு சூடான ரொட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். ஆறுவதற்குள் நின்றபடியே முழுவதையும் தின்று முடித்தேன். உங்கள் தங்கையோ கிளம்பும் பேச்சையே விட்டுவிட்டாள். பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கு டீ போடுகிறாள், யாருக்கு எத்தனை பிள்ளை என்பது வரை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நேற்று அவளாகவே சொன்னாள்: "அண்ணன்கிட்ட எழுதுங்க, நான் சிரிச்சது தப்புன்னு." முப்பத்தெட்டு வருட இல்லறத்தில் இப்படி ஒரு வாக்கியம் எனக்குக் கிடைத்ததில்லை. தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன்.

ஆகவே, மச்சான், நிறுத்தம் பிழைத்தது, தெரு பிழைத்தது, என் மானமும் பிழைத்தது. வாக்குத் தவறாமல் அந்த பஸ்ஸிலேயே புறப்பட்டு வரவும். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் செருப்போடு நடந்த தரை உங்களுக்காகத் துடைக்காமல் வைக்கப்பட்டிருக்கிறது. அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நிறைந்த சம்பளத்தோடும் இருக்க எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் உங்கள் பழைய கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. டிக்கெட் மெஷின் சொல்வதன்படி போன மாதம் கடைத்தெரு நிறுத்தத்தில் இறங்கியவர்கள் மொத்தம் நான்கு பேர். அதில் மூன்று பேர் நான்தான், எண்ணிக்கைக்கு உதவட்டுமே என்று மூன்று முறை பக்கத்து ஊர் போய் வந்தேன். நான்காவது ஆள் தூங்கிப்போய் எங்கள் வாசலைத் தவறவிட்டவர். மற்ற அத்தனை பேரும் இறங்கியது எங்கள் கேட்டில். ஆகவே முதல் தேதியிலிருந்து கடைத்தெரு நிறுத்தம் ரத்து, புதிய நிறுத்தம் எங்கள் வீடு. நிழற்குடை கட்ட முன்சுவரை இடிக்க வேண்டுமாம், உங்கள் தங்கை கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். 'அந்த ஸ்டாப்புல' என்றுதான் நீங்கள் சொன்னீர்கள், ஆகவே பந்தயத்தில் தோற்றது நான். தரையை நானே துடைத்துக்கொள்கிறேன். துடைக்க இடம் இருந்தால். விஷயம் தெரிந்ததும் சலூன்காரர் இரண்டு நாற்காலியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கார் ஷெட்டில் இறக்கிவிட்டார். ரொட்டிக்கடை அம்மா சமையலறையை அளந்துகொண்டிருக்கிறார். லாட்ஜ்காரர் மாடிக்குப் போயிருக்கிறார். செயலியில் போட்டபடி எல்லாம் வந்துவிட்டது மச்சான், இனி வரவேண்டியது அருவி ஒன்றுதான்.