‘ஆனால்’ என்பதற்கு முன் ஒரு மௌனம்

ஊருக்கு ஒருவர் இருக்கிறார். இருவர் இருந்தால் ஊர் தாங்காது. பிறரை இணங்கவைப்பதற்கென்றே பிறவி எடுத்தவர் அவர். அவருக்கென்று சொந்தக் கருத்து உண்டா என்று கேட்காதீர்கள். ஆற்றுக்குச் சொந்தத் தாகம் உண்டா? எங்கே கரை தாழ்ந்திருக்கிறதோ அங்கே பாய்வது அதன் இயல்பு. எங்கே நான்கு செவிகள் ஒன்றுகூடுகின்றனவோ அங்கே திருவாய் மலர்வது அவர் இயல்பு. சந்தையிலும், சாவு வீட்டிலும், பேருந்து நிற்காமல் போன நிறுத்தத்திலும், ஊராரின் கைப்பேசிக் குழுவில் நீண்டுகொண்டே போகும் குரல்பதிவுகளிலும் நீங்கள் அவரைக் கண்டிருக்கிறீர்கள், கேட்டிருக்கிறீர்கள், முடிவில் தலையாட்டியும் இருக்கிறீர்கள். எதற்குத் தலையாட்டினோம் என்பதுதான் வீடு வந்த பிறகு நினைவுக்கு வராது.

தொலைவில் உள்ள மலைநாடு ஒன்றில், பேரேரி ஒன்றின் தென்கரையில், தெரெக்பாஷ் என்னும் ஊரில், இவ்வினத்தின் குறையற்ற மாதிரி ஒருவர் வாழ்கிறார். பெயர் எசெங்குல். வயது அறுபதைத் தொட்டது. நரைத்த மீசை, வெண்கம்பளித் தொப்பி, நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு பள்ளத்தாக்கு இருப்பதுபோல் எதிரொலிக்கும் குரல். ஊர் மயானத்துக்குச் சுவர் வேண்டும் என்று அவர் பேசியபோது ஊரே எழுந்து நின்று கல் சுமந்தது. மறு ஆண்டு, சுவர் ஆட்டு மந்தையின் வழியை மறிக்கிறது என்று சிலர் முணுமுணுக்கவே, அதை இடிக்க வேண்டும் என்றும் அவரே பேசினார். ஊரே எழுந்து நின்று இடித்தது. இரண்டும் ஒரே பேச்சுத்தான் என்று நுட்பமாய்க் கேட்டவர்கள் சொல்வார்கள். “முன்னோர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்” என்னும் இடத்தில் இரண்டு முறையும் பெண்கள் அழுதார்கள்.

அவர் கையாளும் உபாயங்கள்தாம் என்னென்ன! ‘நான் நினைக்கிறேன்’ என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ‘ஜனங்கள் கேட்கிறார்கள்’ என்றே தொடங்குவார். எந்த ஜனங்கள்? அன்று காலை அவருக்குத் தேநீர் ஊற்றிய சம்பந்தி வீட்டார். அடுத்து, இல்லை என்று எவரும் சொல்லமுடியாத வினா ஒன்றை எழுப்புவார்: நம் பிள்ளைகள் நலமாக இருக்க வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்று அவை சொல்லும். அவ்வளவுதான், பள்ளிக்கூடத்து மணியை மாற்றுவதற்கு அவை ஒப்பியதாகிவிட்டது. எதிர்ப்பவன் எவனாவது எழுந்தால் அவனைக் கடிந்துகொள்ள மாட்டார். அவனுடைய ஏழு தலைமுறைத் தந்தையரின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் போற்றத் தொடங்குவார். அந்நாட்டில் தன் ஏழு தந்தையர் பெயரை அறியாதவன் ஆண்மகன் அல்லன். பிறனுடைய ஏழு தந்தையர் பெயரையும் அறிந்தவர் எசெங்குல் ஒருவரே. மூன்றாம் தந்தை குதிரையேறிக் கணவாய் கடக்கும்போதே எதிர்ப்பவன் உட்கார்ந்துவிடுவான். ஏழாம் தந்தை வருவதற்குள் எதை எதிர்த்து எழுந்தோம் என்பது அவனுக்கே மறந்துபோகும்.

இவை எல்லாவற்றுக்கும் மகுடமாய் விளங்குவது அவருடைய மௌனம். எதிர்த்தரப்பின் நியாயத்தை எதிர்த்தரப்பாரைவிட அழகாக, அவர்கள் கனவிலும் கண்டிராத அணிகளைப் பூட்டி, உச்சிக்கு ஏற்றுவார். ஏற்றி, நிறுத்துவார். அவையில் ஈ பறக்கும் ஓசை கேட்கும். கொதிக்கும் தேநீர் குடிக்கும் பதத்துக்கு ஆறிவிடும். அதன்பின் மெல்ல, பெருமூச்சோடு, ‘ஆனால்’ என்பார். கட்டிய கோபுரம் முழுதும் அந்த ஒரு சொல்லில் சரியும். சரிவதைப் பார்ப்பதற்கென்றே பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வருவதுண்டு.

இத்தனை பேரை வென்றவர் ஒருவரை மட்டும் வென்றதில்லை. அவர் மனைவி புருல். அவர் பேசினால் அந்த அம்மை ஆப்ரிகாட் பழத்தைப் பிளந்து கொட்டையெடுத்துக்கொண்டே ‘ம்’ என்பாள். அந்த ‘ம்’ இசைவா, மறுப்பா, இருமலா என்று முப்பது ஆண்டுகளாகியும் அவருக்கு விளங்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் உள்ள ஆப்ரிகாட் தோட்டம் அவள் வைத்தது. கல்லாங்குத்து நிலம்; கல் பொறுக்கியவளும் அவளே, கன்று நட்டவளும் அவளே, பின்பனிக்குப் பூ கருகாமலிருக்க வசந்த காலத்து விடியலில் சாணப்புகை மூட்டியவளும் அவளே. அப்போதெல்லாம் கணவர் எங்கே இருந்தார்? உழைப்பின் உயர்வைப் பற்றி எங்கேனும் பேசிக்கொண்டிருந்திருப்பார்.

அந்தத் தோட்டத்துக்குத்தான் இடர் வந்தது. நெடுஞ்சாலையிலிருந்து மேல் தெருவில் உள்ள மருத்துவ நிலையத்துக்கு மண்பாதைதான் இருந்தது. பனி உருகும் காலத்தில் நோயாளி வண்டி சேற்றில் புதைந்துவிடும். புதுச்சாலை போட மாவட்டத்தார் இசைந்தார்கள். இரண்டு வழிகள் இருந்தன: வாய்க்கால் கரையோடு சற்றே சுற்றிப் போகலாம், அல்லது புருலின் தோட்டத்தைப் பிளந்துகொண்டு நேரே போகலாம். எதுவாயினும் ஊரே முடிவு செய்யட்டும் என்று ஊராட்சித் தலைவர் தாலாய்பெக் கூட்டம் கூட்டினார். தாலாய்பெக் நல்ல இளைஞர். தமக்கென ஒரு முடிவு எடுத்தறியாதவர். ஆகவே எல்லாருக்கும் வேண்டியவர்.

கூட்டத்தன்று காலை புருல் கணவருக்குத் தொப்பியைத் தூசு தட்டிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக, ஒரு வாக்கியம் பேசினாள்.

“கிழவரே, ஊருக்காக இவ்வளவு பேசியிருக்கீங்க. இன்னிக்கு ஒரு தடவை என் மரத்துக்காகப் பேசுங்க.”

எசெங்குலின் உள்ளம் பூரித்தது. முப்பது ஆண்டுகளில் அவள் அவரிடம் ஒரு பேச்சைக் கேட்டு வாங்குவது இதுவே முதல் முறை. ‘மரத்தை விடு, ஏரியையே இடம் மாற்றிக் காட்டுகிறேன்’ என்று அவர் மீசையை ஒதுக்கிக்கொண்டார். வாய்க்கால் வழியே நல்ல வழி என்பதைச் சொல்ல இரண்டு வாக்கியங்கள் போதும் என்பது அவர் நினைவுக்கே வரவில்லை. எவ்வாறு வரும்? யாழ் வல்லவனிடம் கதவைத் தட்டச் சொன்னால் விரலால் தட்டுவானா, பண்ணிசைத்துத் தட்டுவானா?

பழைய கலாமன்றத்தில் கூட்டம். ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம், முன்வரிசையின் நடுவில் மொல்தோபாய் என்னும் வெண்தாடியார். ஊரிலேயே மூத்தவர் அவர். அவரை அங்கே கைப்பிடித்து அழைத்துவந்து அமர்த்தியவர் எசெங்குலே. முதியவர் கண் கலங்கினால் அவை கலங்கும் என்பது தொழில்நுணுக்கம்.

எசெங்குல் எழுந்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். வழக்கம்போல் எதிர்த்தரப்பிலிருந்து தொடங்கினார். சாலை என்பது என்ன என்றார்; ஊரின் மூச்சுக்குழாய் என்றார். சேற்றில் புதைந்த வண்டியில் மருமகள் ஒருத்தி பேறுகால வேதனையில் துடிப்பதை வர்ணித்தார். அப்படி ஒருத்தி அவ்வூரில் இருந்ததில்லை, ஆயினும் பெண்கள் பக்கத்தில் மூவர் அவளை அடையாளம் கண்டு அழுதார்கள். அவள் பிள்ளை முதல் குரல் எழுப்ப வேண்டியது மருத்துவ நிலையத்திலா, நடுவழிச் சேற்றிலா என்றார். அதன்பின் குரலைத் தாழ்த்தினார்.

“அந்தப் புள்ளைக்கு முன்னாடி என் தோட்டம் என்ன பெரிய தோட்டம்? நாலு மரம். என் அப்பன் உயிரோட இருந்தா என்ன செய்திருப்பாரு? கோடாலியை அவரே எடுத்துக் குடுத்திருப்பாரு. எடுத்துக்குங்கடா, இந்த மண்ணு எனக்கு முன்னாடியே ஊருக்குச் சொந்தம்னு சொல்லியிருப்பாரு.”

நிறுத்தினார்.

ஆ, அந்த மௌனம்! அவர் வாழ்நாளில் அதனினும் சிறந்ததொன்றை அவர் நிகழ்த்தியதில்லை. அவை மூச்சடக்கியது. பெண்கள் வரிசையில் புருல் மட்டும் நிமிர்ந்து, அடுத்து வரப்போகும் சொல்லுக்காகக் காத்திருந்தாள். இன்னும் சற்று, இன்னும் சற்றே என்று எசெங்குல் அதை நீட்டினார். முதிர்ந்த கனியைக் காம்பிலேயே விட்டுவைப்பதில் ஒரு சுகம் உண்டு அல்லவா?

அப்போது முன்வரிசையில் மொல்தோபாய் தம் நடுங்கும் கைகளை உள்ளங்கை மேலாக விரித்தார். வெண்தாடியின் வழியே கண்ணீர் இறங்கியது. ஆசிமொழி தொடங்கிவிட்டது.

“இந்த மண்ணைக் குடுத்தவன் நல்லா இருக்கணும். அந்த வழியில போறவங்க நோயில்லாம திரும்பணும். குடுத்த கை குறையக் கூடாது. ஓமின்.”

அந்நாட்டில் மூத்தவர் ஆசிமொழிக்குக் கை விரித்தால் கை விரிக்காமல் இருப்பவர் எவரும் இல்லை. சண்டையில் இருப்பவன் விரிப்பான். தூக்கத்தில் இருப்பவன் விரிப்பான். மன்றம் முழுதும் கைகள் மலர்ந்தன. தாலாய்பெக் விரித்தார். புருலின் கைகளும் விரிந்தன, மெதுவாக. எசெங்குல் தம் கைகளைக் குனிந்து பார்த்தார்; அவை அவரைக் கேட்காமலேயே, தொப்பியோடு சேர்ந்து, விரிந்திருந்தன. ‘ஓமின்’, அப்படியே ஆகட்டும், என்று ஊர் முகத்தைத் தடவிக்கொண்டது. அவரும் தடவிக்கொண்டார். ஆசிமொழி ஆனபின் சாப்பாட்டு விரிப்பின் முன்னும் எவரும் இருப்பதில்லை, வழக்கின் முன்னும் இருப்பதில்லை, எழுந்துவிட வேண்டும். எழுந்துவிட்டார்கள்.

“ஆனா...” என்றார் எசெங்குல், பெஞ்சுகள் நகரும் ஓசையினூடே.

“ஆனா என்ன, பைகே?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான் பக்கத்தில் நின்ற ஆட்டு வியாபாரி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “இதுக்கு மேல சொல்றதுக்கு என்ன இருக்கு? மனுஷன்னா நீங்கதான்.”

வீட்டில் புருல் தேநீர் ஊற்றினாள். அவர் அவளுடைய முதல் தந்தையின் பெயரைச் சொல்லி, அவருடைய பெருந்தன்மையைப் போற்றத் தொடங்கினார்.

“என் ஏழு தலைமுறையையும் விட்டுடுங்க. அவங்கள்ல யாரும் மரம் நடல,” என்றாள். சற்றுக் கழித்து, “வாய்க்கால் கரையில போடுங்க, கொஞ்சம்தான் சுத்துன்னு நேரா சொல்லியிருக்கலாமே?” என்றாள்.

“அப்படிச் சொன்னா அதுக்குப் பேரு பேச்சா?”

அவர் உண்மையாகவே வியந்துதான் கேட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நாம் அவருக்காக இரங்கலாம். முடியவில்லை. சில நாள் கழித்துத் தாலாய்பெக் வந்தார். வாசலிலேயே நின்று, தயங்கித் தயங்கி, தமக்கும் உறக்கமில்லை என்றார். சாலைக்கு நிலம் அளக்கும் அளவுக்காரர்கள் இன்னும் முளையடிக்கவில்லை. வாய்க்கால் கரையும் அவர்களுக்குச் சம்மதமே. எசெங்குல் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வெண்தாடியாரிடம் தாமே போய் வேறோர் ஆசிமொழி வாங்கி வருவதாகச் சொன்னார். புருல் தேநீர்க் கிண்ணத்தைக் கையில் வைத்தபடி கணவரையே பார்த்தாள். எசெங்குல் சொல்லத்தான் வாய் திறந்தார். சத்தியமாய்ச் சொல்லத்தான் திறந்தார்.

அந்நேரம் பார்த்து வாசலில் வட்டாரத் தொலைக்காட்சியின் வண்டி வந்து நின்றது. தோட்டத்தை ஊருக்கு ஈந்த பெருமகனைப் படம்பிடிக்க வந்திருந்தார்கள். செய்தியாளப் பெண் ஒலிவாங்கியை நீட்டி, வருத்தமாக இல்லையா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ‘ஆம், வருத்தமாக இருக்கிறது’ என்றால் முடிந்தது. தாலாய்பெக் அதற்கு நாளெல்லாம் நன்றி சொல்லியிருப்பார். மரங்கள் நின்றிருக்கும்.

எசெங்குல் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார்.

என்ன பேசினார் என்று விரிப்பானேன்? மூச்சுக்குழாய் வந்தது, மருமகள் துடித்தாள், அப்பன் கோடாலி எடுத்துக் கொடுத்தார். இந்த முறை மௌனம் மட்டும் இல்லை. ‘ஆனால்’ இல்லாத பேச்சுக்கு அது எதற்கு? படம்பிடிப்பவருக்குப் பின்னால் நின்ற புருல் இறுதிவரை காத்திருந்தாள். பிறகு தாலாய்பெக்கின் கையில் தேநீர்க் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

ஒளிபரப்பான மாலையில் அவர்கள் இருவரும் ஒன்றாக அமர்ந்து பார்த்தார்கள். தோட்டத்தில் அளவுக்காரர்கள் முளையடித்து முடித்திருந்தார்கள். பெட்டிக்குள் இருந்த எசெங்குல் பேசப்பேச, பெட்டிக்கு வெளியே இருந்த எசெங்குல் முதலில் தலையாட்டினார், பிறகு கனைத்தார், பிறகு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு உயர்ந்த மனிதர் ஒருவர் அந்த ஊரில் இருக்கிறார் என்பது அவருக்கே அதுவரை தெரியாது. சாலை தோட்டத்தின் வழியேதான் போக வேண்டும் என்று அவர் அன்றுதான் முழுமனத்தோடு இணங்கினார். ஊரில் கடைசியாக வெல்லப்பட்டவர் அவரே.

புருல் எழுந்தாள். மூலையிலிருந்த வாளியையும் ஏணியையும் எடுத்தாள். கிளைகளில் பழம் இன்னும் இருந்தது.

“எங்க போற கிழவி?” என்றார் அவர், கண்ணைப் பெட்டியிலிருந்து எடுக்காமல். “இனிமேதான் நல்ல இடம் வருது.”

நல்லது. வாசகரே, இதைப் படித்து வருகையில் உமக்கு ஒருவர் நினைவுக்கு வந்திருப்பார்: உம் அலுவலகத்தில், உம் சங்கத்தில், உம் குடும்பத்தில் பேசியே வெல்லும் அந்த ஒருவர். அவரைப் பற்றி இன்று இரவு உணவின்போது வீட்டாரிடம் சொல்ல வேண்டும் என்றும் எண்ணியிருப்பீர். தாராளமாகச் சொல்லும். எங்கே தொடங்குவது, எந்த இடத்தில் சற்று நிறுத்துவது என்று இப்போதே மனத்துள் ஒத்திகை பார்க்கிறீர் போலிருக்கிறதே. நிறுத்தும் இடம் வரும்போது மட்டும் ஒருமுறை நிமிர்ந்து பாரும், எதிரே உட்கார்ந்திருந்தவர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்று.