பெங்களூர் இரைச்சல்

“எப்பப் போட்டாலும் எங்கேஜுதானாம் பாய். சுத்திச் சுத்தி வெரலே தேஞ்சு போச்சுன்னு மாப்ள சொல்றாரு” என்று தக்காளி லாரியின் சன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னான் சென்றாயன்.

நூர் பாஷாவுக்கு மொபெட்டை ஸ்டாண்டு போடக்கூடத் தோன்றவில்லை. வீட்டுக்குப் போன் வந்து ஒரு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. அதற்குள் எங்கேஜ் என்றால், அந்தப் போனில் யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள்?

ஈச்சங்கொட்டாய், மாரண்டஹள்ளியிலிருந்து மலைப்பக்கம் ஒதுங்கிப் போன ஊர். பஸ் உண்டு என்று சொல்வார்கள். வந்த நாட்களும் உண்டு. அந்த ஊரில் நூர் பாஷா புளி வியாபாரி, பகலெல்லாம் மண்டியில் இருப்பவர். ஒரே மகள் ஷகிலாவைப் பெங்களூரில் கட்டிக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை அக்பர் அலி லேத்துப் பட்டறையில் வேலை செய்கிறவர், தங்கமான பையன்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பதுதான் முறை. ஆனால் டாக்டரம்மா, அந்த ரோட்டில் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போகவே கூடாது என்று சொல்லிவிட்டார். ரோட்டைப் பார்த்தவர்கள் யாரும் டாக்டரம்மாவைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆகவே ஷகிலா பெங்களூரிலேயே இருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அஸ்கரி பேகம் மரியாதை, முறை எல்லாம் பார்க்கிற மனுஷி. “நேரம் வர்றப்ப நானே என் வாயால கூப்புடறேன், அப்ப வாங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த வார்த்தையை ஷகிலாவின் அம்மா ரஹமத் பீவி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தி வீட்டுக்குக் கூப்பிடாமல் போய் நின்றால் மகளுக்கல்லவா தலைகுனிவு? ஆகவே ஒரு பையில் இரண்டு சேலை, பிள்ளைக்குப் பழந்துணி, சுக்கு, பெருங்காயம் எல்லாம் கட்டி வாசல் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, அழைப்புக்காகக் காத்திருந்தாள். பிள்ளை பிறக்கும்போது மகளின் தலைமாட்டில் தான் இருக்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

அழைப்பு எந்த வழியாக வரும் என்பதுதான் பிரச்சினை. மாரண்டஹள்ளி தபாலாபீஸில் போன் இருந்தது. அது ஆபீஸ் பூட்டினால் சேர்ந்து தூங்கும். அடுத்தது தீர்த்தகிரியின் ரைஸ் மில். ஊரில் எல்லோருக்கும் அதுதான் பிபி நம்பர், அதாவது ஆளைக் கூப்பிட்டு விடுகிற நம்பர். போன் வந்தால் தீர்த்தகிரி ரிசீவரை எடுத்துத் தவிட்டு மூட்டை மேல் மல்லாத்திவிட்டு, சைக்கிளில் ஆள் அனுப்புவார். ரஹமத் பீவி துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வரப்பு வழியே ஓடுவாள். அவள் போய்ச் சேரும்போது ரிசீவர் மூட்டை மேல் கிடந்து, “ஹலோ... ஹலோ...” என்று மெலிசாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அதை எடுத்துக் காதில் வைத்தால் புருஷனின் பட்டறைப் போனிலிருந்து ஷகிலா பேசுவாள். பாதி நேரம் லைன் போயிருக்கும்.

போகாத நாளில் மில்லே காது கொடுத்துக் கேட்கும். ஷகிலாவுக்குக் கடைசியாக வாந்தி நின்ற சமாசாரம் பெற்ற தகப்பனுக்கும் முன்பே மில்லில் அரைக்க வந்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அன்றுதான் நூர் பாஷா, நம் வீட்டுக்கே ஒரு போன் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார். அதற்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். வாட்ச்மேன் அவரை ஆபீஸ்காரர் என்று நினைத்து சலாம் போடும் அளவுக்கு அலைந்த பிறகு, மில்லிலிருந்து அவர் வீடு வரை கம்பம் நட்டார்கள். கறுப்புப் போன் வந்தது. ரஹமத் பீவி அதற்கு சாம்பிராணி காட்டி, ஸ்டூலில் உட்கார வைத்து, கையால் பின்னிய விரிப்பைப் போர்த்தினாள்.

அந்தப் போன்தான் எங்கேஜாம்.

நூர் பாஷா வீட்டை நோக்கி மொபெட்டை விட்டார். அந்த வண்டி வருவது ஊருக்குள் நுழையும் முன்பே வீட்டுக்குக் கேட்டுவிடும். அவர் படியேறும்போது ரஹமத் பீவி சொம்புத் தண்ணீரோடு நிற்பாள். அன்றும் நின்றாள். போன் விரிப்பைப் போர்த்திக்கொண்டு சமர்த்தாக இருந்தது. எடுத்துக் கேட்டார். உள்ளே கொர்ரென்று டயல் சத்தம் நன்றாகவே கேட்டது.

“பகல்ல யாராச்சும் வந்து போன் பேசறாங்களா?”

“காக்கா குருவியக்கூட அண்ட விடறதில்லீங்க. நான் அது பக்கத்த விட்டு நகர்றதே இல்ல.”

பொய் சொல்கிற மனுஷி இல்லை. முற்றத்தில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த சாலம்மாளைப் பார்த்தார். அவள் நாள் முழுக்க அங்கேதான் இருப்பாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவள். அவளை எதுவும் கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் ஊர்க்காரர்கள்தான் காரணம். ஆள் அனுப்பி அலுத்துப்போய்த் தீர்த்தகிரி கைகழுவிவிட்டதால், ஊரில் பாதிப் பேர் இப்போது நூர் பாஷாவின் நம்பரைத்தான் பிபி என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் பொழுது சாய்ந்த பிறகுதான் போன் வரும் என்பது அந்த நேரத்தில் அவருக்கு உறைக்கவில்லை. மறுநாள் முதல் யாருக்கும் இங்கே போன் கிடையாது என்று சொல்லிவிட்டார். மிலிட்டரியில் இருக்கும் மகனின் போனுக்காக வந்த தங்கம்மாளையும் வாசலோடு திருப்பி அனுப்பினார். அவர் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவள் தங்கம்மாள்தான். மறுநாள் காலையில் பால் வரவில்லை, அவ்வளவுதான். நூர் பாஷா வரக்காப்பி குடிக்கப் பழகினார்.

நாலைந்து நாள் கழித்து சென்றாயன் லாரியை நிறுத்தினான். பெங்களூர் கலாசிப்பாளையம் மார்க்கெட்டில் சரக்கு இறக்கிவிட்டு, பக்கத்துச் சந்தில் இருக்கும் ஷகிலா வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு வருவது அவன் வழக்கம். ஷகிலா நன்றாக இருக்கிறாள், கால் மட்டும் வீங்கியிருக்கிறது என்றான். போன் அப்படியே எங்கேஜ்தான் என்றும் சொன்னான்.

வரக்காப்பி வீணாகப் போயிற்று. அப்படியானால் கோளாறு லைனில்தான் என்று நூர் பாஷா லைன்மேன் அர்ச்சுனனை மொபெட்டில் பின்னால் ஏற்றிக் கூட்டி வந்தார். அர்ச்சுனன் போனைத் திருகிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், எக்ஸ்சேஞ்சுக்குப் பேசினார். எல்லாம் சரியாக இருந்தது. கூட்டி வந்த மனிதரை வெறுங்கையோடு எப்படி அனுப்புவது என்று நூர் பாஷா வருத்தப்பட, எதையாவது சொல்லியாக வேண்டும் என்று அர்ச்சுனனும் வருத்தப்பட்டு அண்ணாந்து பார்த்தார். கம்பிக்குப் பக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரன் மாதுவின் புளியமரக் கிளை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

“அதான் ஒரசுது. அதை வெட்டிப்புட்டா ஜோரா இருக்கும்” என்றார்.

நூர் பாஷா மாதுவிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினார். ஆனால் வெட்ட ஏறியவன் காய்த்துத் தொங்கிய கிளையை வெட்டினான். அது நேராக மாதுவின் மாட்டுக் கொட்டகை மேல் விழுந்தது. கம்பிக்குப் பக்கத்தில் ஆடிய கிளை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மாது அதன்பிறகு நூர் பாஷாவைப் பார்த்தால் பாதை மாறிப் போகத் தொடங்கினான். ஊரில் இருந்ததோ ஒரே பாதை.

இரவு சாப்பிடும்போது ரஹமத் பீவி மெல்லச் சொன்னாள், பெங்களூர் ஒரே இரைச்சலாக இருக்கும் போலிருக்கிறது, அந்தச் சத்தத்தில் நம் பெண் எப்படித்தான் தூங்குகிறாளோ என்று. சென்றாயன் ஏதாவது சொல்லியிருப்பான் என்று நூர் பாஷா நினைத்தார். பெரிய ஊர் என்றால் அப்படித்தான் என்று ஆறுதல் சொன்னார்.

அடுத்ததாக போன் டயலுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டார். தானில்லாத நேரத்தில் யாரோ திருட்டுத்தனமாக நுழைந்து போன் போடுகிறார்கள் என்பது இப்போது அவருடைய சந்தேகம். சாவியைப் பெல்ட்டில் முடிந்துகொண்டார். பூட்டின மறுநாளே சென்றாயன் வந்தான். இந்தத் தடவை லாரியை ஓரம் கட்டி இறங்கியே வந்தான்.

“பாப்பாவுக்கு லேசா வலி காணுதாம் பாய். இன்னும் ரெண்டு மூணு நாள்னு டாக்டரம்மா சொன்னாங்களாம். போனை மட்டும் சரியா வெச்சுக்கச் சொல்லுன்னு மாப்ள சொல்லி அனுப்பிச்சாரு.”

நூர் பாஷா மொபெட்டை உதைத்துக் கிளப்பினார். பட்டறைப் போனை அக்பர் அலி பகலில் முதலாளி சாப்பிடப் போகும் நேரத்தில்தான் தொட முடியும். வெளியிலிருந்து வேலையாட்களுக்குப் போன் வந்தால் முதலாளிக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும், நாமே கூப்பிட்டுக் கேட்டுவிடுவோம் என்று வீட்டுக்குப் பறந்தார். பெல்ட்டைத் தடவினார். சாவி இல்லை. காலையில் குனிந்து நிமிர்ந்து புளி மிதித்துக் கட்டிய சிப்பங்களில் ஏதோ ஒன்றுக்குள் அது போயிருக்க வேண்டும். சிப்பங்கள் மத்தியானமே சேலத்துக்குப் போய்விட்டன.

பூட்டைத் திருப்புளியால் நெம்பினார். பூட்டு கெட்டியாக இருந்தது, டயல்தான் வளைந்தது.

“நீ சென்றாயன் லாரியிலேயே கெளம்பிப் போயிடு” என்றார் மனைவியிடம்.

ரஹமத் பீவி கதவுக்குப் பின்னால் இருந்த பையைப் பார்த்தாள். எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் போல அவளுக்கும் இருந்தது. “அவங்க வாயால ஒரு வார்த்தை கூப்புடாம எப்படிங்க போறது? நாளைக்கு எம்பொண்ணுதானே பேச்சு வாங்கணும்? கூப்புடுவாங்க. நான் இங்கதானே இருக்கேன்” என்றாள். பையை இன்னும் கொஞ்சம் வாசல் பக்கமாக நகர்த்தி வைத்தாள். அவருக்கு அதற்குமேல் வற்புறுத்த மனம் வரவில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. நூர் பாஷா போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. தங்கம்மாளுக்கு, மாதுவுக்கு, யாரென்றே தெரியாத ஒருவருக்கு எல்லாம் வந்தது. பெங்களூரிலிருந்து வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு.

திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் மண்டியில் அவருக்கு இருப்பே கொள்ளவில்லை. புதன்கிழமை காலை அவர் கிளம்புவதற்கு முன்பே தக்காளி லாரி ஊருக்குள்ளேயே வந்து, அவர் வாசலில் ஹாரன் அடித்தது.

“பேத்தி பொறந்திருக்கு பாய். நேத்து மத்தியானம். தாயும் புள்ளையும் சொகம்.”

ரஹமத் பீவி அப்படியே படியில் உட்கார்ந்து, முந்தானையை ஏந்தி அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள். ஹாரன் சத்தத்துக்கு ஊரே கூடியிருந்தது. கோபத்தை மறந்து தங்கம்மாள் வந்திருந்தாள். மாதுகூட வேலிக்கு அந்தப் பக்கம் நின்றான்.

சென்றாயன் தலையைச் சொறிந்தான். மிச்சத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சொன்னான். திங்கட்கிழமை அஸ்கரி பேகமே வெயிலில் பட்டறைக்கு நடந்து போய், முதலாளியிடம் கேட்டுக்கொண்டு பகல் பூராவும் போன் போட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை வலி எடுத்த பிறகும் போட்டிருக்கிறார். எங்கேஜ்.

“‘பொண்ணைப் பெத்தவங்களுக்கு அப்படி என்ன ஓயாத பேச்சு?’ன்னு கேட்டாங்க பாய். கண்ணு கலங்கிப் போச்சு அந்தம்மாவுக்கு. ‘நீயே கூட்டிக்கிட்டு வா’ன்னு எங்கிட்டச் சொல்லி அனுப்பிச்சிருக்காங்க.”

ரஹமத் பீவி எழுந்து போய்ப் பையை எடுத்து வந்தாள். சந்தோஷத்தில் அழுகிறாளா, தலைமாட்டில் இல்லாமல் போனதற்கு அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. “நான் எங்கியும் நகரலையே. ஒரு வாய் சோறுகூட அது பக்கத்துலதானே ஒக்காந்து தின்னேன். இத்தனை நாள்ல எம்பொண்ணு கொரல் ஒரு தடவைகூட வரலையே” என்று லாரியில் ஏறும் வரை சொல்லிக்கொண்டே போனாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. நூர் பாஷாவுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது. உள்ளே போய்ப் போனை விரிப்போடு தூக்கிக்கொண்டு ஒயர் எட்டிய மட்டும் வாசலுக்கு வந்தார்.

“திங்கக்கெழமையும் செவ்வாக்கெழமையும் இதுல பேசினது யாரு? இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சாகணும். பெத்தவ ஒருத்தி புள்ளகிட்டப் போக முடியாம அழுதுக்கிட்டுப் போறா. யாரு இந்த லைனைப் புடிச்சு வெச்சிருந்தது?”

தங்கம்மாள் தரையைப் பார்த்தாள். மாது வேலியைப் பார்த்தான். முற்றத்திலிருந்து புளிக்கையைத் துடைத்துக்கொண்டே சாலம்மாள் எழுந்து வந்தாள். தன்னை முதல் முறையாக ஒரு கேள்வி கேட்டுவிட்டார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, நிதானமாகச் சொன்னாள்.

“ஊர்க்காரங்க மேல பழி போடாதீங்க பாய், வேற யாரும் அதைத் தொடலீங்க. மில்லுல பேசற கைப்புடியை மூட்டை மேல எடுத்து வெச்சிருப்பாங்களே, அதே மாதிரி பீவியம்மாதான் நீங்க மண்டிக்குப் போனதும் எடுத்து மடியில வெச்சுக்கிட்டு, பாப்பா எப்பக் கூப்புடுமோ எப்பக் கூப்புடுமோன்னு காதுல வெச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. உங்க வண்டிச் சத்தம் கேட்டாத்தாங்க, தண்ணி மோக்க எந்திரிக்கிறப்ப திரும்பப் போன் மேல வெப்பாங்க.”