ஆமை உறுதிசெய்த அரங்கம்

ஒரு காட்டில் ஒரு நாடகம் இருந்தது. அதன் பெயர் 'மின்னலுக்கு வாக்கப்பட்டவள்'. வசனம் குறைவு, பாட்டு அதிகம். அறுபது வருடங்களுக்கு முன் ஒரு கோடையில் நடந்தது, பிறகு மறந்துபோனது. இப்போது நரியின் நாடகக் கம்பெனி அதைத் தூசி தட்டி இலுப்பைத் தோப்புக் கொட்டகையில் மறுபடி மேடையேற்றியது. மணமகள் வேடம் குயிலுக்கு. ஆண் குயில்தான். காட்டில் பாடுவது எப்போதும் அதுதான் என்பதால் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

கொட்டகையில் அறுபது பேர் உட்காரலாம். யானை வந்தால் நாற்பத்தெட்டு. நாற்பது நாள் நடந்த பிறகு கொட்டகையின் குத்தகை முடிந்தது. நரி திரைச்சீலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. அடுத்து என்ன என்று அது யாரிடமும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே ரசிகர்கள் சொல்லத் தொடங்கினார்கள்.

அவர்களுக்குச் செல்போனில் ஒரு குழு இருந்தது. மைனா நடத்தியது. மொத்தம் எழுநூறு பேர். பாதிப் பேர் நாடகத்தைப் பார்த்தவர்கள். மீதிப் பேர் பார்க்காமலேயே அதைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள். நாடகம் ஒரு பெரிய அரங்கத்துக்கு மாறப்போகிறது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்த அரங்கம் என்பதில்தான் தகராறு.

“தூக்கணாங்குருவிகிட்ட நரி நாப்பது முழம் துணி நெய்யச் சொல்லியிருக்கு. கொட்டகைத் திரை பதினெட்டு முழந்தான். நீங்களே கணக்கு போட்டுக்குங்க,” என்றது கீரி.

“குயில் மூணு நாளா வெந்நீர் குடிக்குது,” என்றது மைனா.

“தொண்டை கட்டியிருக்கும்.”

“தொண்டை ஏன் கட்டுது? ஒத்திகை நடக்குது, அதான் கட்டுது.”

“நரி அணைக்கட்டு அரங்கத்துப் பக்கம் ஒண்ணுக்குப் போனதை என் மச்சான் நேர்ல பார்த்தான்,” என்றது காட்டுப்பன்றி.

“போன வாரம் குவாரி அரங்கத்துப் பக்கமும் போச்சே,” என்றது மைனா. “இதுல என்னவோ இருக்கு.”

நரிக்கு நீர்க்கடுப்பு இருந்தது. அந்தக் கோணத்தில் யாரும் யோசிக்கவில்லை.

இந்தக் குழுவில் எதுவும் பேசாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஓர் ஆமை இருந்தது. அது செல்போனை ஓட்டுக்குள் வைத்திருந்தது. அறுபது வருடங்களுக்கு முன் நாடக அறிவிப்பைக் கேட்டுக் கிளம்பி, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்த அன்று போய்ச் சேர்ந்தது அந்த ஆமைதான். இந்த முறையும் அறிவிப்பு வந்த அன்றே கிளம்பியது. இலுப்பைத் தோப்புக்கு நாற்பத்து மூன்று நாள் நடை. நாடகமோ நாற்பது நாள்.

மூன்றாம் காட்சியில் மணமகள் மழையில் நின்று ஒரு பாட்டுப் பாடுவாள். பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆமைக்குப் பாட்டின் வரிகள் முழுக்கத் தெரியும். திரும்பி வந்தவர்கள் ஆளுக்கொரு மாதிரி முணுமுணுத்ததில் மெட்டு மட்டும் பிடிபடவில்லை. குயில் பாட ஒருமுறை கேட்டுவிட வேண்டும். வயது நூற்றுப் பதினேழு. இன்னொரு அறுபது வருடம் காத்திருக்கலாம்தான்; குயில்கள் அப்படிக் காத்திருப்பதில்லை.

அறிவிப்பு வந்த பிறகு கிளம்பினால் இந்த முறையும் பந்தல் பிரிக்கும் நாளில்தான் சேர வேண்டியிருக்கும். ஆகவே, அறிவிப்புக்கு முன்பே கிளம்ப ஆமை முடிவு செய்தது. இலுப்பைத் தோப்பிலிருந்து அணைக்கட்டுக்கு மேற்கே போக வேண்டும், ஏற்றம். குவாரிக்குக் கிழக்கே போக வேண்டும், இறக்கம். ஆனி முதல் தேதி ஆமை குவாரியை நோக்கி நடந்தது.

பதினாறாம் நாள் மைனா அதைப் பார்த்துக் கீழே இறங்கியது.

“எங்க பெரியவரே, இந்தப் பக்கம்?”

“குவாரிக்கு.”

“குவாரிக்கா?”

“நாடகத்துக்கு.”

மைனா வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரு படம் எடுத்துக்கொண்டு பறந்துவிட்டது.

இருபத்தைந்தாம் நாள் கீரி பின்னாலிருந்து ஓடி வந்து ஆமையைத் தாண்டியது. தாண்டிய பிறகு நின்று திரும்பியது.

“மாமா, நீங்களா! குவாரிதான்னு உறுதி ஆயிடுச்சாமே. குடும்பத்தோட இடம் பிடிக்கப் போறேன்.”

ஆமைக்கு மகிழ்ச்சியில் கால் தடுமாறியது. “அப்படியா? யார் சொன்னா?”

“நம்பத்தகுந்த வட்டாரம்.”

“எந்த வட்டாரம்?”

“குழுவுல மைனா போட்டுது.”

“மைனாவுக்கு யார் சொன்னா?”

கீரி சிரித்தது. “என்ன மாமா, என்னையே ஆழம் பார்க்கிறீங்க. நீங்கதான். எழுவது நாள் நடக்கிற ஆள், திட்டமாத் தெரியாம ஒரு அடி எடுத்து வைப்பாரா? நீங்க நடக்கறதைப் பார்த்துட்டுத்தான் காடே நம்புது.”

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. நான்கு கால்களையும் இழுத்துக்கொண்டது. கீரி சற்று நேரம் ஓட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து குழுவில் எழுதியது: 'தகவல் தர யோசிக்கிறார். விஷயம் பெரிசு.'

உள்ளே ஆமை யோசித்தது. உண்மையைச் சொன்னால் கீரி திரும்பிப் போகும். காடு திரும்பிப் போகும். ஆளில்லாத குவாரியில் எந்த நாடகமும் நடக்காது. தானும் இருபத்தைந்து நாள் நடையைத் திருப்பி நடக்க வேண்டும், இந்த முறை ஏற்றத்தில். பொய் சொல்லி ஆமைக்குப் பழக்கமில்லை. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. மதியம் தாண்டித்தான் தலை வெளியே வந்தது.

“உறுதிதான்,” என்றது. “தேதிகூடக் குறிச்சாச்சு.”

“எப்ப மாமா?”

ஆமை தன் நடையைக் கணக்குப் போட்டது. ஆவணி எட்டாம் தேதி போய்ச் சேரலாம். இடது முன்னங்கால் வலிக்காக இரண்டு நாள் சேர்த்துக்கொண்டது.

“ஆவணி பத்து. மத்தியானம் மூணு மணி.”

உண்மையில் நரி நாடகத்தை விட்டுவிட்டுத் தேன் வியாபாரத்துக்குப் போவதாக இருந்தது. அந்த நாற்பது முழம், தேன் வடிகட்டும் துணி. ஆடி கடைசியில், குவாரியில் எழுநூறு பேர் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்க வந்தது. கல்லைப் படிப்படியாக வெட்டிப் பாதியில் விட்டுப்போன பள்ளம் அது. படிகள் எல்லாம் நிரம்பியிருந்தன. யானைக்குப் பின்னால் இடம் கிடைத்தவர்கள், தாமதமாக வந்ததற்காகத் தங்களைத் தாங்களே திட்டிக்கொண்டிருந்தார்கள்.

“நாடகம்னு யாருய்யா சொன்னது? நான் எப்பச் சொன்னேன்?” என்றது நரி.

எழுநூறு பேரும் சிரித்தார்கள். “பார்த்தீங்களா, இன்னமும் ரகசியமாவே வெச்சிருக்காரு,” என்றது காட்டுப்பன்றி.

நரி படிகளை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தது. பிறகு அதுவும் சிரித்தது. “இனிமே மறைச்சு என்ன. மூணு மாசத் திட்டம். எங்கிருந்துதான் கசியுதோ,” என்றது. அன்றே குயிலுக்கு ஆள் போயிற்று. வடிகட்டும் துணியில் மின்னல் வரைந்து திரையாக்கினார்கள்.

ஆவணி பத்தாம் தேதி மத்தியானம் ஆமை வந்து சேர்ந்தது. “தகவல் வந்துட்டாரு, வழி விடுங்க” என்று கூட்டம் பிளந்தது. முதல் படியில், மைனாவுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள்.

மூன்று மணிக்குத் திரை விலகியது. கூட்டம் பேச்சை நிறுத்தவில்லை.

“அடுத்து எந்த அரங்கமா இருக்கும்?”

“குயிலை மாத்தப் போறாங்களாம்.”

“திரையில மின்னல் மேற்கே சாய்ஞ்சிருக்கு பாரு. மேற்கேன்னா அணைக்கட்டு.”

முதல் காட்சியில் பாதி காதில் விழுந்தது. இரண்டாம் காட்சியில் குயிலின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

“கொஞ்சம் சத்தம் போடாம இருங்களேன்,” என்றது ஆமை.

“சும்மா இருங்க பெரியவரே, முக்கியமான விஷயம் ஓடிட்டிருக்கு,” என்றது மைனா, செல்போனிலிருந்து தலையெடுக்காமல்.

இரண்டாம் காட்சிக்குத் திரை விழுந்தது. அடுத்தது மழைப் பாட்டு. ஆமை கழுத்தை முழுக்க நீட்டி மைனாவின் காதருகே போனது.

“அணைக்கட்டுதான்,” என்றது. “உறுதி. நாளைக்கே. உன்னோட வெச்சுக்க.”

மைனா தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. திரைக்குப் பின்னால் யாரோ தகரத்தைத் தட்டி இடி முழக்குவதற்குள் மேல் படிகள் காலியாகிவிட்டன. இந்த முறை யானைக்குப் பின்னால் உட்காருவதில்லை என்று எல்லாரும் முடிவோடு இருந்தார்கள். யானையும் அதே முடிவில் முன்னால் ஓடியது. கடைசியாக நரி, கூட்டத்துக்கு முன்பே அணைக்கட்டுக்குப் போய்ச் சேர வேண்டுமே என்று பதறி ஓடியது. தகரம் தட்டியவனும் தகரத்தோடு போய்விட்டான்.

திரையைக் குயில் தன் அலகாலேயே இழுத்து விலக்கியது. மணமகள் வேடத்தில், தலையில் பூவோடு, வெறும் படிகளைப் பார்த்தது.

“எங்கே போயிட்டாங்க எல்லாரும்?”

“அவசர வேலை,” என்றது ஆமை.

“நீங்க போகலையா?”

“எனக்கு அவசரமே வராதுங்க.”

“ஒரே ஒருத்தருக்காகப் பாடணுமா?”

“பாடினா நல்லாயிருக்கும்.”

குயில் பாடியது. ஓரிடத்தில் வரி மறந்து முதல் வரியையே திரும்பப் பாடியது. ஆமை அதையும் சேர்த்துக் கேட்டது.

நீதி: பொய் சொல்லக் கூடாது. சொல்லியே ஆக வேண்டுமென்றால், பாட்டு தொடங்குவதற்கு முன்பே சொல்லி முடித்துவிட வேண்டும்.