நங்கூர நானாவும் பாதிக் கயிறும்

இந்த நாட்டில் நங்கூரத்தைப் பற்றி வாய் திறக்கத் தகுதியுள்ளவர்கள் இரண்டே பேர். ஒருவர் நங்கூர நானா. மற்றவரை நங்கூர நானா இன்னும் சந்திக்கவில்லை.

கடலே இல்லாத மாத்தளை மாவட்டத்தில் ஒரு மனிதருக்கு இப்படிப் பட்டம் கிடைத்ததற்கு நான் வேலை பார்த்த ஹொட்டல்தான் காரணம். சீகிரியாவுக்குப் பக்கத்தில், ஒரு குளத்தங்கரையில் இருந்தது. நான் வரவேற்பு மேசையில். விருந்தினர்களைக் குளத்தில் சுற்றிக்காட்ட ஒரு ஃபைபர் படகு வாங்கினார்கள். அதை ஓட்ட உக்குவளையிலிருந்து வந்த முஸ்லிம் அண்ணன்தான் எங்கள் நானா. மாலைத்தீவில் பல வருடம் படகு ஓட்டியவர். வந்ததும் வராததுமாக, "நங்கூரம் எங்க?" என்று கேட்டார்.

மெனேஜர் ஒரு பெயின்ட் வாளியைக் காட்டினார். உள்ளே சீமெந்து, மேலே ஒரு கம்பி வளையம்.

"இது நங்கூரமில்ல சேர். இது கல்லு."

"கல்லு தாழும்தானே?"

"தாழும். தாழ்ந்துட்டுப் படகோட சேர்ந்து ஊர்வலம் வரும். நங்கூரம்னா மண்ணைக் கவ்வணும்."

மெனேஜர் முகாமைத்துவச் சான்றிதழ்கள் மூன்றைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியவர். "நானா, இது குளம். கடல் இல்லை," என்று விளக்கினார்.

"காத்துக்கு அது தெரியுமா சேர்?"

அடுத்த லீவில் ஊருக்குப் போன நானா, கேட் செய்யும் வெல்டிங் கடையில் நாலு கொக்கி வைத்த இரும்பு நங்கூரம் ஒன்றைச் செய்வித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அவர் பக்கத்து ஸீட்டில் வழி நெடுக யாரும் உட்காரவில்லையாம். நங்கூரத்தில் ஓர் ஆள் நீளத்துக்குச் சங்கிலி, சங்கிலியில் கயிறு. கயிறு மட்டும் குளத்தின் ஆழத்தைப்போல ஐந்து மடங்கு.

"கயிறு கட்டையா இருந்தா நங்கூரத்தை மேல தூக்கிரும். நீளமா விட்டாத்தான் அது படுத்துக்கிட்டுக் கவ்வும்." இதை அவர் சமையற்காரருக்குச் சொன்னார், தோட்டக்காரருக்குச் சொன்னார், பல் வலியோடு படுத்திருந்த எனக்கும் சொன்னார். தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி, சூரியன் மறைவதைக் கோட்டைவிட்டு முடிச்சுப் போடப் பழகியது. கருத்துப் புத்தகத்தில் "யானை பார்க்கவில்லை; முடிச்சு அருமை" என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

மெனேஜருக்கோ அந்தக் கயிறு கண்ணில் விழுந்த தூசி. படகின் முன்பக்கத்தில் சுருள் சுருளாகக் கிடந்து போட்டோவைக் கெடுக்கிறதாம். ஒரு வெள்ளிக்கிழமை நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, அதைப் பாதியாக வெட்டி, ரோஜாப் பாத்திக்கு வேலி கட்டிவிட்டார். திரும்பி வந்த நானா வேலியைப் பார்த்தார். அன்று சோறு தின்னவில்லை.

அடுத்த வாரம் கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி படகைப் பரிசோதிக்க வந்தார். படகில் அவர், மெனேஜர், இளநீர்த் தட்டுடன் நான், நானா. உயிர்காப்பு அங்கிகள் இருந்தன. போட்டோவில் சட்டையை மறைக்கும் என்று மெனேஜர்தான் கழற்றச் சொன்னார்.

நடுக்குளத்தில் அதிகாரி எழுந்து நின்று, சீகிரியாக் குன்றைப் பின்னால் வைத்து செல்ஃபி எடுத்தார். எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. அந்த நேரம் பார்த்துக் காற்றும் எழும்பியது. படகு எதிர்க்கரையை நோக்கி நகர்ந்தது. எதிர்க்கரையில் யானைக் கூட்டம், குட்டிகளோடு.

"நங்கூரத்தை வீசுங்க!" மெனேஜர் அலறினார்.

"வீசக் கூடாது சேர். இறக்கணும்."

"பின்னாலயே கட்டி இறக்குங்களேன், அதுதான் கிட்ட!" என்றார் அதிகாரி.

"பின்னால கட்டினா அலை உள்ள வரும். மூக்குலதான் கட்டணும்."

படகின் மூக்கில் கயிற்றைக் கட்டி, தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவதுபோல நங்கூரத்தை இறக்கினார். கயிறு தீர்ந்தது. படகு நிற்கவில்லை. நங்கூரம் அடியில் தட்டித் தட்டிக் கூடவே வந்தது. பெரிய யானை ஒன்று தண்ணீரில் இறங்கித் தும்பிக்கையைத் தூக்கியது.

நானா திரும்பினார். "மத்தப் பாதி எங்க சேர்?"

"ரோஜாவுக்கு..." என்றார் மெனேஜர், கேட்டும் கேட்காத குரலில்.

நானா, படகில் வெயிலுக்குப் போட்டிருந்த கூரைச் சீலையை இழுத்துக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். கூரை அப்படியே அதிகாரியின் தலைமேல் இறங்கியது. உள்ளேயிருந்து அவர் ஏதோ சட்டப் பிரிவைச் சொல்லிக் கத்தினார். நானா இரண்டு கயிற்றையும் முடிந்து, நீளமாக விட்டு, விரலைக் கயிற்றின்மேல் வைத்துக் காத்திருந்தார், நாடி பார்க்கும் வைத்தியர் மாதிரி.

படகு ஒரு குலுங்கு குலுங்கியது. மூக்கு காற்றுப் பக்கம் திரும்பியது. நின்றது. யானைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு வொலிபோல் மைதானம் இருந்திருக்கும்.

"கவ்விட்டுது," என்றார் நானா.

யானைகள் குளித்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அதிகாரி இளநீர் குடித்தபடி நங்கூர விளக்கம் கேட்டார். இறங்கி நடந்து போக வழியில்லையே! கடைசியில் ஒரு மீன்பிடித் தோணி வந்து எங்களை இழுத்துப் போனது.

கொழும்பு போன அதிகாரி, தமது நீண்ட கள அனுபவத்தின் பேரில், குளத்துப் படகுச் சவாரி நடத்தும் ஹொட்டல்களிலெல்லாம் நங்கூரம் இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். எங்கே இருக்க வேண்டும் என்று எழுத மறந்துவிட்டார். மெனேஜர் நானாவின் நங்கூரத்துக்குத் தங்க நிறம் பூசி, வரவேற்பு மண்டபத்துச் சுவரில் மாட்டினார். அடுத்து வந்த பரிசோதகர் அதை நிமிர்ந்து பார்த்து, "இருக்கிறது" என்று சரி போட்டார். மெனேஜருக்குப் பாதுகாப்புக் கேடயம் கிடைத்தது.

அன்றைக்கே நானா பையைக் கட்டினார். "இது தொங்கிற சாமான் இல்ல தம்பி," என்றார். இப்போது வேறொரு குளத்தில் ஓட்டுகிறார்.

போன பெருநாளுக்கு வாழ்த்துச் சொல்ல ஃபோன் எடுத்தேன். "அன்னைக்கு உங்க முகத்தைப் பாத்தே விளங்கிச்சு தம்பி, உங்களுக்கு நீந்தத் தெரியாதுன்னு. இப்பவாவது பழகினீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல நானா."

"அப்ப நான் ஓட்டாத போட்டுல ஏறாதீங்க."

இன்றுவரை ஏறவில்லை.