நோட்டீஸ் நைனாவின் கறுப்புக் கோட்டு

எண்ணூர் விரைவுச் சாலையில் இரண்டு மணி நேரம் ஒரு ஹாரன்கூட ஒலிக்காமல் செய்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். மந்திரி வந்தபோதே நடக்காத காரியம் அது. செய்தவர் டிரெய்லர் டிரைவர் நோட்டீஸ் நைனா. சுவரில் ஒட்டிய எந்த நோட்டீஸையும் படிக்காமல் தாண்ட மாட்டார் என்பதால் அந்தப் பெயர்.

நான் திருவொற்றியூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் கேட் கிளார்க். வரும் டிரைவரிடம் சீட்டை நீட்டுவது என் வேலை, கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போவது அவர் வேலை. மற்றவர்களுக்கு அரை நிமிடம் என்றால் நைனாவுக்கு இருபது நிமிடம். இடது காலை லேசாகத் தூக்கி நின்றபடி முன்பக்கம், பின்பக்கம், அச்சகத்தின் முகவரி வரை படிப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல், அதில் ஒன்றும் இல்லையே என்று கத்திவிட்டேன்.

"ஒண்ணியும் இல்லாததுக்கு இன்னாத்துக்கு சார் கையெழுத்து?" என்றார்.

அதிர்ந்து போனேன். இத்தனை வருட சர்வீஸில் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

காலின் கதை பிறகு டீக்கடையில் தெரிந்தது. முன்பு வேலை பார்த்த இடத்தில் இரும்புச் சங்கிலி அறுந்து பாதம் நசுங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே ஒரு இங்கிலீஷ் பேப்பரை நீட்டி கையெழுத்து வாங்கிவிட்டார்கள். கம்பெனி அதைக் கோர்ட்டில் காட்டியதும் இவருடைய நஷ்டஈட்டு கேஸ் படுத்துவிட்டது. அதன் நகலை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். "மூணு பேராண்ட காட்னேன் சார். மூணு பேரும் மூணு மாரி சொல்றானுங்கோ. நானே படிச்சாத்தான் உண்டு."

அதற்காக ஒருவர் ஆங்கிலம் கற்றுக்கொள்ளலாம். இவர் ஆன்லைனில் சட்டப் படிப்பில் சேர்ந்துவிட்டார். கேட்டதும் எனக்கு டீ புரையேறியது. ஏற்கெனவே தபாலில், தமிழ் வழியில் பி.ஏ. முடித்தவர் என்று அப்போதுதான் சொன்னார். அதை நாங்கள் இன்னும் ஜீரணிக்கவில்லை.

துறைமுகக் கேட்டுக்கு முன்னால் டிரெய்லர் வரிசை சில நாள் எங்கள் யார்டு வாசல் வரை நீண்டு, காலையிலிருந்து மாலை வரை நிற்கும். மற்றவர்கள் சீட்டாடுவார்கள், தூங்குவார்கள். நைனாவின் கேபினிலிருந்து மட்டும் ஒப்பந்தச் சட்டம் சத்தமாகக் கேட்கும். கேட்டுக் கேட்டு, பக்கத்து வண்டிக்காரர் சாப்பாடு கட்டித் தராத மனைவியிடம் போனில் "இது ஒப்பந்த மீறல்" என்று சொல்லி, மறுநாளும் சாப்பாடு இல்லாமல் வந்தார்.

கடைசிப் பரீட்சை அன்று முதலாளி லீவு தரவில்லை. டேஷ்போர்டில் போனை நிறுத்தி, வரிசையில் நின்றபடியே எழுதினார் நைனா. போன் கேமரா கண்காணித்துக்கொண்டே இருக்கும்; இருக்கையை விட்டு நகரக் கூடாது, பார்வை திரும்பக் கூடாது, வேறு சத்தம் கேட்கக் கூடாது. மீறினால் பரீட்சை ரத்து. அன்று பார்த்து வரிசை நகர்ந்தது.

எங்கள் வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் இடம் விழுந்து அரை நிமிடத்தில் நகராவிட்டால் பின்னால் இருப்பவன் புகுந்துவிடுவான், பெற்ற அப்பனாக இருந்தாலும். அன்று நைனாவுக்கு முன்னால் பத்து வண்டி இடம் காலியாகக் கிடந்தது. ஒருவரும் புகவில்லை. கேபினுக்குக் கேபின் கைஜாடையிலேயே சேதி போய், வரிசை முழுக்க எஞ்சினை அணைத்துவிட்டார்கள். எனக்குக் காது போய்விட்டதென்று பயந்து வெளியே ஓடிவந்தேன். ஸ்டிரைக் என்று நினைத்து டிராஃபிக் போலீஸ்காரர் பைக்கில் பறந்து வந்தார். ஒரு டிரைவர் அவர் காதில், "நைனா பரிச்சை எழுதிகினு கீறாரு சார்" என்றார். அவரும் பைக் எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டே போனார்.

நைனா பாஸாகிவிட்டார். வண்ணாரப்பேட்டையில் கறுப்புக் கோட்டு தைத்தோம். மாலை போட்டு, ஆறு பேராக அவரை வக்கீலாகப் பதிவு செய்ய அழைத்துப் போனோம். கவுன்ட்டரில் இருந்தவர் சான்றிதழை ஒரே பார்வை பார்த்துவிட்டு, ஆன்லைனில் தொலைதூரக் கல்வியில் வாங்கிய சட்டப் பட்டத்தை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது என்றார்.

என்ன அக்கிரமம் இது என்று சண்டைக்குக் கிளம்பினேன். நைனா என் கையைப் பிடித்தார்.

"கத்தாத சார். காலேஜ் நோட்டீஸ்ல மொத நாளே போட்டிருந்தான். பதினோராம் பக்கம், கடேசி வரி."

"தெரிஞ்சேவா இத்தனை வருஷம் படிச்சே?"

"வக்கீலாவுறேன்னு நான் எப்ப சொன்னேன்? நீங்கோ ஆசயா கோட்டு தெச்சுட்டீங்கோ. வேணான்னு சொல்ல மனசு வர்ல."

படியில் உட்கார்ந்து பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார். வரிக்கு வரி விரல் வைத்து எங்களுக்குத் தமிழில் படித்துக் காட்டினார். சங்கிலி அறுந்தது என் கவனக்குறைவால். கம்பெனி மேல் தப்பில்லை. இனி எதுவும் கேட்க மாட்டேன். முடித்துவிட்டு அடியில் இருந்த தன் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என் தப்புன்னு நானே எழுதிக் குட்துகீறேன் சார். கையெழுத்து நல்லாத்தான் கீது."

நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கோட்டை அவர் இதுவரை போட்டதில்லை. அது வக்கீலுக்கு உரியது, தான் போட்டால் குற்றம் என்கிறார். கேபினில் மடித்து வைத்திருக்கிறார். வரிசையில் எந்த டிரைவருக்கு எந்தப் பேப்பர் வந்தாலும் இப்போது முதலில் அந்த கேபினுக்குத்தான் போகிறது.

என் கேட்டில் இன்னமும் இருபது நிமிடம்தான். அவர் வண்டி தூரத்தில் தெரிந்ததும் என் நாற்காலியை வெளியே போட்டுவிட்டு நான் நின்றுகொள்கிறேன்.